சாக்கடைக்கு டிப்ளமோ எதுக்கு?



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது கவிதை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். "காதல் கவிதை மட்டும் வேண்டாம்ப்பா, ஏற்கெனவே பதினேழு வந்தாச்சு" என்றார். சரி, எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்குத் தெரிந்தது கழிவுநீர். சிரிக்காதீர்கள்!

இந்த வருடம் இன்பிளான்ட் ட்ரெயினிங்குக்கு நம் மெக்கானிக்கல் பையன்கள் ஃபவுண்டரி, பம்பு கம்பெனி, பஸ் பாடி கட்டும் இடம் என்று போனார்கள். எனக்குக் கிடைத்தது ஒரு பால் பதனிடும் ஆலை. அங்கேயும் பாய்லர் பக்கமோ, அமோனியா கம்ப்ரஸர் பக்கமோ விடவில்லை. முதல் நாளே "நீ ஈ.டி.பி.க்குப் போ" என்று காம்பவுண்டின் கடைசி மூலைக்கு அனுப்பிவிட்டார்கள். ஈ.டி.பி. என்றால் ஆலையின் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் இடம். இரண்டு வாரம் அங்கேதான். திரும்பி ஹாஸ்டலுக்கு வந்தபோது எனக்கு ஒரு பட்டப்பெயர் காத்திருந்தது. "சாக்கடை சார் வந்துட்டாருடா!" கோபமெல்லாம் இல்லை, நானும் சிரித்தேன். ஆனால் ஒருத்தன் கேட்டான்: "சாக்கடை பார்க்க டிப்ளமோ எதுக்குடா?" அது மட்டும் மனசில் தங்கிவிட்டது.

ஏன் தங்கியது என்றால், எங்கள் வீட்டில் ஒருத்தர் டிப்ளமோ இல்லாமலே அதைத்தான் பார்த்துக்கொண்டு இருக்கிறார்.

என் அப்பா வேறொரு ஆலையில் கான்ட்ராக்ட் கூலி. அங்கே கழிவுநீர் முதலில் ஒரு குழிக்குள் வரும். 'ஃபேட் ட்ராப்' என்பார்கள். பாலில் இருக்கும் கொழுப்பு மேலே ஆடையாகக் கட்டும். அதை வாளியால் அள்ளி வெளியே கொட்டுவதுதான் அப்பாவுக்கு வேலை. பதினொரு வருடமாக! ஓரத்தில் நின்று எட்டாவிட்டால் ஏணி வைத்து இறங்க வேண்டும். கொழுப்பு அழுகினால் என்ன வாசம் வரும் என்று அந்தப் பக்கம் போனவர்களுக்குத்தான் தெரியும். முட்டை அழுகின நாத்தம். அது ஹைட்ரஜன் சல்பைடு என்று இங்கே வந்து கெமிஸ்ட்ரி படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த வாயு அளவுக்கு மீறிப் போனால் நாத்தமே தெரியாமல் போய்விடும், மூக்கு மரத்துவிடும் என்றும் அப்போதுதான் படித்தேன். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அப்பா வேலை முடிந்து வந்தால் வாசல் பைப்பிலேயே குளித்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார். அவருடைய துண்டை அம்மா தனியாகக் காயப்போடும். ஸ்கூல் ஃபாரத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'கூலி' என்று மட்டும் எழுதுவேன். என்ன கூலி என்று யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இந்த மலரில்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

பால் ஆலைக் கழிவுநீர் பார்க்க வெள்ளையாக, சாதுவாக இருக்கும். 'பால்தானே, அதில் என்ன விஷம்?' என்று நானும் நினைத்தேன். ஆனால் தண்ணீரில் இருக்கும் ஆக்ஸிஜனைத் தின்பதில் பாலை மிஞ்ச ஆள் இல்லை. நம் வீட்டுச் சாக்கடை நீரின் பி.ஓ.டி. லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம். முழுப் பாலின் பி.ஓ.டி. சுமார் ஒரு லட்சம்! ஒரு லிட்டர் பால் வாய்க்காலில் போனால் முன்னூறு, நானூறு லிட்டர் சாக்கடை போனதற்குச் சமம். கேன் கழுவுவது, டாங்க் கழுவுவது, பாக்கெட் மெஷினில் சிந்துவது என்று எல்லாம் சேர்ந்து ஒரே குழாயில் வருகிறது. இதை அப்படியே ஓடையில் விட்டால் மீன் மூச்சுத் திணறிச் செத்து மிதக்கும். ஆறு குளங்களில் விடும் தண்ணீரில் எண்ணெயும் கொழுப்பும் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி இருக்கிறது.

கொழுப்புதான் தண்ணீரைவிட லேசாயிற்றே, தானாக மேலே வராதா என்று கேட்கலாம். வரும். எப்போது வரும் என்பதுதான் கேள்வி. பாலின் கொழுப்பு மணிகள் பெரும்பாலும் 1 முதல் 10 மைக்ரான் அளவு. ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் ஸ்டோக்ஸ் விதி படித்தோமே, பரீட்சைக்கு மனப்பாடம் செய்து அடுத்த நாள் மறந்தோமே, அதை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். 4 மைக்ரான் மணி ஒன்று ஒரு மீட்டர் மேலே ஏற சுமார் இரண்டு வாரம் ஆகிறது! அதற்குள் தொட்டியில் எல்லாம் அழுகிவிடும். அப்பா அள்ளுவது பெரிய பெரிய திரள்களைத்தான். சின்னதெல்லாம் அவர் வாளிக்கு அடியில் தப்பித்துப் போய்க்கொண்டே இருக்கிறது. அது அவர் குற்றம் இல்லை, விட்டத்தின் வர்க்கம் செய்யும் வேலை.

இந்தச் சின்ன மணிகளைப் பிடித்து மேலே தூக்கத்தான் அந்த ஆலையில் ஒரு மெஷின் வைத்திருந்தார்கள். டிசால்வ்டு ஏர் ஃப்ளோட்டேஷன். காற்றைத் தண்ணீரில் கரைத்து, அந்தக் காற்றாலேயே அழுக்கை மிதக்க வைப்பது. ஆலையில் எல்லோரும் சுருக்கமாக 'டேஃப்' என்றுதான் சொல்கிறார்கள்.

கோலி சோடா குடிக்காதவர்கள் நம்மில் யாரும் இல்லை. குண்டு உள்ளே இருக்கும்வரை தண்ணீர் அமைதியாக இருக்கும். கட்டைவிரலால் தட்டி இறக்கினதும் புஸ்ஸென்று குமிழ் பொங்குகிறது. அழுத்தத்தில் கரைந்திருந்த வாயு, அழுத்தம் போனதும் வெளியே வருகிறது. 1803-ல் வில்லியம் ஹென்றி கண்டு சொன்ன விதி இதுதான்: அழுத்தம் கூடினால் கரையும் வாயுவும் அதே அளவில் கூடும். டேஃபிலும் இதே கதைதான், கார்பன் டை ஆக்ஸைடுக்குப் பதில் சாதாரணக் காற்று.

எப்படி என்றால், சுத்தமாகி வெளியே வரும் நீரில் ஒரு பங்கை, பத்தில் ஒன்றோ மூன்றோ, திரும்ப எடுத்து ஒரு பம்பு மூலம் இரும்பு டிரம் ஒன்றுக்குள் ஏற்றுகிறார்கள். அதற்கு சாச்சுரேட்டர் என்று பெயர். கம்ப்ரஸர் காற்றும் அதில் வரும். உள்ளே அழுத்தம் 4 முதல் 6 பார். சாதாரணமாகக் கரையும் காற்றைப்போல நாலைந்து மடங்கு காற்று அங்கே கரைகிறது. அந்தத் தண்ணீரை ஒரு வால்வு வழியாகக் கழிவுநீர்த் தொட்டியின் அடியில் திறந்துவிடுகிறார்கள். அவ்வளவுதான்! கோடிக்கணக்கான குமிழ்கள் பிறக்கின்றன. சோடாக் குமிழ் போலப் பெரிசு இல்லை. 30, 50 மைக்ரான், அதிகம் போனால் 100. நம் தலைமுடிப் பருமன்தான். தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் முழுக்கப் பால்போல வெளுத்துவிடும். முதன்முதலில் பார்த்தபோது 'ஐயோ, இன்னும் பால் கலந்துவிட்டதே' என்று பயந்துவிட்டேன். அது காற்று!

50 மைக்ரான் குமிழ் ஒரு நொடிக்கு ஒன்றரை மில்லிமீட்டர் ஏறுகிறது. ஒரு மீட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். இரண்டு வாரம் எங்கே, பன்னிரண்டு நிமிடம் எங்கே! அந்தக் குமிழ்கள் போகிற வழியில் கொழுப்பில் ஒட்டிக்கொண்டு அதையும் இழுத்துக்கொண்டு மேலே போகின்றன. மேலே நுரைக் கட்டியாகச் சேர்கிறது. செயினில் ஓடும் பலகை ஒன்று அதை மெதுவாக வழித்து ஓரத்துக் காடிக்குள் தள்ளுகிறது. அடியில் இருந்து தெளிந்த நீர் வெளியே வருகிறது. வாளி இல்லை, ஏணி இல்லை.

ஒன்று சொல்ல மறந்தேன். கொழுப்பு மணிகளும் பால் புரதமும் தண்ணீரில் எதிர்மின்னேற்றத்தோடு இருப்பதால் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டே இருக்கும், சேராது. அதனால் டேஃபுக்கு முன்னாலேயே படிகாரமோ பாலி அலுமினியம் குளோரைடோ போட்டு அந்தச் சண்டையைத் தீர்த்து, பிறகு பாலிமர் போட்டுத் திரியவைக்க வேண்டும். மருந்து குறைந்தால் திரியாது, கூடினாலும் கெடும். ஆலையில் டாங்க் கழுவ ஒரு நேரம் காஸ்டிக் சோடா, இன்னொரு நேரம் நைட்ரிக் ஆசிட். ஆக பி.எச். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று! கண்ணாடி பீக்கர்களில் கலக்கிப் பார்த்து அன்றன்றைக்கு அளவு பிடிக்க வேண்டியிருக்கிறது. இது பட்டனைத் தட்டிவிட்டுத் தூங்கும் வேலை இல்லை, நண்பர்களே.

இன்னொரு விஷயம். இந்த முறை பிறந்து வளர்ந்தது குளிர் நாடுகளில். 1920-களில் ஸ்வீடன் பக்கத்துக் காகித ஆலைகளில், கழிவில் போகும் நாரைத் திரும்பப் பிடிக்க இதைக் கொண்டுவந்தார்கள். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் 18.7 மில்லிலிட்டர் காற்று கரையும். 30 டிகிரியில் 15.7 தான். அதாவது ஆறில் ஒரு பங்கு குறைச்சல். நம்மூர்ச் சித்திரை வெயிலுக்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள். புத்தகத்து நம்பரை அப்படியே வைத்து ஓட்டினால் குமிழ் பற்றாது. அழுத்தத்தையோ, திரும்ப வரும் நீரின் பங்கையோ கூட்ட வேண்டும். அதைத் தெரிந்து செய்ய அங்கே ஒரு ஆள் வேண்டும். இதுதான் என் ஹாஸ்டல் நண்பனுக்கு நான் சொல்லும் முதல் பதில்.

ஆனால் அந்த இடத்தில் டிப்ளமோ படித்தவர் யாரும் இல்லை. எட்டாவது வரை படித்த ஒரு அண்ணன் இருந்தார். மூன்றாம் நாள் காலை நான் போனபோது கேஜில் முள் இரண்டரையில் நின்றது. நானும் நோட்டில் 'அழுத்தம் 2.5' என்று அழகாக எழுதிவைத்தேன். அண்ணன் கேஜைப் பார்க்கவே இல்லை. தொட்டியைப் பார்த்தார். "தம்பி, தண்ணி வெளுக்கவே இல்லைங்க, பாருங்க. குமிழு முட்டை முட்டையா வருது. மேல கட்டுறதை அதுவே உடைச்சுப் போடும்" என்றார். சொன்னபடியே நுரைக் கட்டி பிய்ந்து பிய்ந்து கீழே இறங்கியது. அழுத்தம் பாதியானால் வெளிவரும் காற்றும் பாதியாகும், குமிழும் பெரிசாகும், பெரிய குமிழ் வேகமாக ஏறித் தொட்டியைக் கலக்கிவிடும் என்று நான் புத்தகத்தைப் புரட்டிக் கண்டுபிடிக்க அன்று சாயங்காலம் ஆனது. அவருக்குக் கண் பார்த்ததும் தெரிந்தது. எனக்கு ஏன் என்று தெரியும், அவருக்கு எப்போது என்று தெரியும். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால்?

அழுத்தம் ஏன் இரண்டரை? ராத்திரி ஷிப்டில் பம்பையும் கம்ப்ரஸரையும் நிறுத்திவிடச் சொல்வார்களாம். விடிந்ததும் போடுவார்கள், ஏற நேரம் பிடிக்கும். "யாரு ராத்திரி வந்து பார்க்கப் போறாங்க?" என்பது அங்கே சாதாரணமாகக் காதில் விழுந்த பேச்சு. மெஷின் நிற்கும் நேரத்தில் கழிவு எங்கே போகும்? பழைய குழிக்குத்தான். காலையில் அதை அள்ள இரண்டு பேர் வாளியோடு வருவார்கள்.

அந்த இரண்டு பேரைப் பார்த்ததும் எனக்கு வயிறு என்னவோ செய்தது. அப்பா அந்த ஆலை இல்லை, ஆனாலும் அப்பாதான்.

ராத்திரி கணக்குப் போட்டேன். மணிக்கு 10,000 லிட்டர் கழிவுநீர் வருகிறது என்று வைப்போம். அதில் 3,000 லிட்டரை 5 பார் அழுத்தத்துக்கு ஏற்ற வேண்டும். பம்பு பாதி எஃபிஷியன்சியில் ஓடினாலும் தேவைப்படும் பவர் ஒரு கிலோவாட்டுக்குள் அடங்குகிறது. எட்டு மணி நேரத்துக்கு ஏழு யூனிட்! யூனிட் எட்டு ரூபாய் என்றாலும் அறுபது ரூபாய்கூட இல்லை. கம்ப்ரஸருக்கும் சேர்த்து நூறு என்று வையுங்கள். மருந்துச் செலவு தனி, அது கரண்டைவிட அதிகம்தான், அதை மறைக்கவில்லை. ஆனாலும் மனுஷன் குழிக்குள் இறங்குவதற்கு இது ஒரு விலையா? லட்சக்கணக்கில் மெஷின் வாங்கி வைத்துவிட்டு ராத்திரிக்கு ராத்திரி நிறுத்துவதை மிச்சம் என்று சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

டேஃப் வைத்தால் எல்லாம் தீர்ந்தது என்று சொல்லவும் நான் வரவில்லை. மிதக்கக்கூடியதைத்தான் அது எடுக்கும். பாலின் சர்க்கரை தண்ணீரில் கரைந்தே இருக்கிறது, அதைக் குமிழ் தொடாது. அதற்குப் பின்னால் பாக்டீரியா வைத்து ஏரேஷன் டாங்க் ஓட்டியே ஆக வேண்டும். உப்பும் அப்படித்தான். நம் பக்கத்து நொய்யலைப் பாருங்கள். பாசனத்துக்காக 1992-ல் கட்டின ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவுத் தொட்டியாகிப் போனது. 2011 ஜனவரியில் சாயப் பட்டறைகளை மூடச் சொல்லி ஐகோர்ட் உத்தரவு போடும் அளவுக்கு வந்தது. அங்கே கேள்வி உப்பு. உப்பை எந்தக் குமிழும் தூக்காது, ஆர்.ஓ.வும் ஆவியாக்கும் மெஷினும் வேண்டும். எந்த மெஷின் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரியாதவர்களிடம் விற்பவர்கள் எதையும் விற்றுவிடுவார்கள்.

செய்யக்கூடியதை ஒழுங்காகச் செய்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. ஆப்பிரிக்காவில் நமீபியாவின் தலைநகர் விண்ட்ஹோக்கில் 1968 முதலே வீட்டுக் கழிவுநீரைக் குடிநீராக்கிக் குடிக்கிறார்கள். 2002-ல் கட்டின புது நிலையத்தில் பல கட்டங்களில் ஒன்று இந்த டேஃப். நியூயார்க் நகரத்தில் 2015-ல் திறந்த க்ரோட்டன் குடிநீர் நிலையத்திலும் இதுதான். அங்கே இதைப் பார்த்துக்கொள்பவர்களை யாரும் 'சாக்கடை சார்' என்று கூப்பிடுவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

ட்ரெயினிங் முடிந்து ஊருக்குப் போனபோது அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சோடாக் கதை, வெள்ளைத் தண்ணி, தானாக வழிக்கும் பலகை... பெருமையாகத்தான் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். கடைசியில் கேட்டது ஒரே கேள்வி:

"அப்ப எனக்கு அங்க என்ன வேலை கண்ணு?"

எனக்குப் பதில் வரவில்லை. என் ஹாஸ்டல் ஃபீஸ் அந்த வாளியில் இருந்து வருகிறது, நண்பர்களே. மெஷின் நல்லது என்று எழுதுவது எனக்குச் சுலபம், என் பெயருக்குப் பின்னால் டிப்ளமோ வரப்போகிறது. அவருக்கு?

பல நாள் யோசித்து என் அபிப்பிராயமாக இதைச் சொல்கிறேன். தப்பென்றால் திருத்துங்கள். குழிக்குப் பதில் டேஃப் வைக்கிற ஒவ்வொரு ஆலையும், இதுவரை குழியில் நின்றவரையே முதலில் கூப்பிட்டு அந்த மெஷினைக் கற்றுக்கொடுக்க வேண்டும். அவரால் முடியுமா என்று கேட்காதீர்கள். எட்டாவது படித்த அண்ணனை நான் பார்த்தேன். கொழுப்பு எப்போது கட்டும், எப்போது உடையும், எந்த ஷிப்டில் ஆசிட் வரும் என்று பதினொரு வருடம் நின்று பார்த்தவருக்குத் தெரிந்ததில் பாதி நம் லேபில் இல்லை. அவருக்குத் தெரியாதது கேஜும் கணக்கும்தான். அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் நாம். அந்த மூலைக்கு டிப்ளமோ படித்தவன் போக வேண்டும், போனவனுக்கு பாய்லர் ஆளுக்குத் தரும் சம்பளத்தைத் தர வேண்டும். ராத்திரி பம்பை நிறுத்தச் சொன்னால், நிறுத்தினால் என்ன ஆகும் என்று பேப்பரில் எழுதிக் காட்டும் தைரியமும் அவனுக்கு வேண்டும். நாமே அந்தப் பக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டு போனால் யாரைக் குறை சொல்வது?

பேரவைக்கும் ஒரு வேண்டுகோள். இன்டஸ்ட்ரியல் விசிட்டுக்கு வருடா வருடம் பெரிய கம்பெனியின் முன்வாசலை மட்டும் பார்த்துவிட்டு குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு வருகிறோம். அடுத்த முறை அவர்களின் பின்வாசலையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்டவில்லை என்றால் அதுவும் ஒரு பாடம்தானே!

நாங்கள் நாலு பேர் சேர்ந்து கடைசி செமஸ்டர் ப்ராஜெக்டாக ஒரு சின்ன டேஃப் செய்கிறோம். கண்ணாடித் தொட்டி, பழைய கம்ப்ரஸர் டாங்க், ஒரு பம்பு. டாங்கைத் தண்ணீர் அழுத்தத்தில் சோதித்துப் பார்க்காமல் ஓட்டக் கூடாது என்று ஹெச்.ஓ.டி. சார் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார், அதனால் இன்னும் ஓடவில்லை. என்னைச் 'சாக்கடை' என்று கூப்பிட்டவன்தான் வெல்டிங் வேலை முழுக்கச் செய்கிறான். எக்ஸிபிஷன் அன்றைக்கு வரச்சொல்லி அப்பாவுக்குச் சொல்லியிருக்கிறேன். ஒரு நாள் லீவு போட்டால் அன்றைய கூலி போய்விடுமே என்கிறார். அம்மாதான் எப்படியாவது அனுப்பிவைக்கிறேன் என்றிருக்கிறது.